இருமல் நின்ற பிறகும் மருந்து எதற்கு? – காசநோய்க் கிருமியின் எழுத்துப்பிழை வரலாறு



இப்பக்கத்தில் வழக்கமாக இலக்கணம், வாசிப்பு, தேர்வு ஆகியவை பற்றியே எழுதி வருகிறேன். இம்முறை சற்று வேறான பொருள். அதற்குக் காரணம் ஒரு தாய் என்னிடம் கேட்ட ஒரு கேள்வி.

பெற்றோர் சந்திப்பு நாளன்று எல்லாரும் போன பிறகு அவர் தனியே வந்து நின்றார். கணவருக்குக் காசநோய். கிளினிக்கில் ஆறு மாத மருந்து எழுதியிருந்தார்கள். "டீச்சர், இருமல் சுத்தமா நின்னுப் போச்சு. உடம்பும் தேறிடுச்சு. ரெண்டு மாசம் சாப்பிட்டாச்சு, இன்னும் நாலு மாசம் எதுக்கு, வேலைக்கு லீவு போட்டுட்டு தினம் கிளினிக்குக்குப் போகணுமான்னு கேக்குறாரு. நான் என்னன்னு சொல்றது?" என்றார்.

"மருத்துவர் சொன்னால் கேட்கத்தானே வேண்டும் அம்மா" என்று சொல்லி அனுப்பினேன். அது விடையன்று என்பது எனக்கே தெரிந்தது. வகுப்பில் ஒரு மாணவன் "ஏன்?" என்று கேட்கும்போது "புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது" என்று சொல்லும் ஆசிரியரை நான் மதிப்பதில்லை. அன்று நானும் அப்படித்தான் நடந்துகொண்டேன். அதன்பின் தேடிப் படித்தவற்றையே இங்கு வரலாறாகத் தொகுத்துத் தருகிறேன். நான் மருத்துவர் அல்லள், தொடக்கப்பள்ளி ஆசிரியை. சிகிச்சை பற்றிய முடிவுகளை மருத்துவரிடமே கேட்க வேண்டும்.

பல பெயர்கள் கொண்ட ஒரு நோய்

நம் முன்னோர் இதனை எலும்புருக்கி என்றனர், சயரோகம் என்றனர். மலாய்க்காரர்கள் 'பாத்தோக் கெரிங்', அதாவது வறட்டு இருமல் என்றனர். தோட்டப்புறத்துப் பெரியவர்கள் குரலைத் தாழ்த்தி 'டீபி' என்றனர். ஒரே லயத்து வீட்டில் பலர் படுத்துறங்கிய தோட்டங்களிலும், ஜோர்ஜ் டவுனின் பழைய கடைவீடுகளில் பலகை அடித்துத் தடுத்த சன்னலில்லா அறைகளிலும் இந்நோய்க்கு இடம் எளிதாகக் கிடைத்தது. இது காற்றின் வழிப் பரவும் நோய். காற்றோட்டமில்லாத அறையே அதற்கு உகந்த இடம்.

1882ஆம் ஆண்டு மார்ச் 24ஆம் நாள் பெர்லின் நகரில் ராபர்ட் கோக் என்னும் மருத்துவர் இந்நோய்க்குக் காரணமான நுண்ணுயிரைத் தாம் கண்டறிந்ததை அறிவித்தார். அந்நாளே இன்று உலகக் காசநோய் நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. கிருமி தெரிந்துவிட்டது; ஆனால் அதனைக் கொல்லும் மருந்து கிடைக்க மேலும் அறுபது ஆண்டுகளுக்கு மேலாயிற்று. அதுவரை ஓய்வு, நல்ல உணவு, தூய காற்று ஆகியவையே சிகிச்சை. அதற்கென எழுந்தவையே சானடோரியங்கள். சென்னைக்கு அருகில் தாம்பரத்தில் மருத்துவர் சௌரி முத்து 1928இல் அத்தகைய ஒன்றைத் தொடங்கினார். இன்றும் அங்குள்ள இரயில் நிலையத்தின் பெயர் சானடோரியம் என்பதே.

1948: நம்பிக்கையும் ஏமாற்றமும்

தமிழ் ஆசிரியர்களாகிய நமக்கு 1948 என்றதும் நினைவுக்கு வரவேண்டிய ஓர் இழப்பு உண்டு. விருத்தாசலம் என்னும் இயற்பெயர் கொண்ட புதுமைப்பித்தன், திரைப்படப் பணிக்காகப் புனே சென்ற காலத்தில் காசநோய் முற்றி, திருவனந்தபுரத்தில் அவ்வாண்டு காலமானார். அவருக்கு வயது 42.

அதே 1948இல்தான் உலகின் மறுபக்கத்தில் ஒரு புதிய மருந்தின் சோதனை முடிவுகள் அச்சேறின. அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் செல்மன் வாக்ஸ்மனின் ஆய்வுக்கூடத்தில் ஆல்பர்ட் ஷாட்ஸ் என்னும் இளம் மாணவர் 1943இல் மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரிலிருந்து ஸ்ட்ரெப்டோமைசினைப் பிரித்தெடுத்திருந்தார். பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சி மன்றம் அதனை 107 நோயாளிகளிடம் முறையாகச் சோதித்தது. 55 பேருக்கு ஓய்வுடன் மருந்து. 52 பேருக்கு ஓய்வு மட்டும். ஆறு மாத முடிவில் மருந்து பெற்றவர்களில் 4 பேரும், பெறாதவர்களில் 14 பேரும் இறந்திருந்தனர். மருந்து வேலை செய்கிறது என்பதில் ஐயமில்லை.

ஆனால் அதே அறிக்கையில் ஓர் எச்சரிக்கையும் இருந்தது. முதல் சில மாதங்களில் தேறிய நோயாளிகள் பலர் பின்னர் மீண்டும் நலிந்தனர். அவர்களது சளியிலிருந்து கிருமிகளை எடுத்து வளர்த்துப் பார்த்தபோது, சோதிக்கப்பட்ட 41 பேரில் 35 பேரின் கிருமிகளை ஸ்ட்ரெப்டோமைசினால் அடக்க இயலவில்லை. ஐந்து ஆண்டுகள் கழித்துக் கணக்கெடுத்தபோது இரு குழுக்களுக்கும் இடையிலான வேறுபாடு பெரிதும் சுருங்கியிருந்தது. இருமல் குறைந்தது உண்மை. உடல் தேறியது உண்மை. ஆனால் நோய் போகவில்லை. அந்தத் தாயின் கேள்விக்கான விடையின் முதற்பகுதி இங்கேயே இருக்கிறது.

கிருமி பழகிவிடுகிறதா?

"மருந்தைத் தொடர்ந்து சாப்பிட்டால் கிருமி அதற்குப் பழகிப் போய்விடும்" என்று நம்மிடையே ஒரு பேச்சு உண்டு. இந்தத் தவறான எண்ணமே சிலரை மருந்தை இடையில் நிறுத்தத் தூண்டுகிறது. உண்மையில் கிருமி பழகுவதில்லை.

1943இல் சல்வடோர் லூரியா, மாக்ஸ் டெல்புரூக் என்னும் இரு அறிவியலாளர்கள் இதனை ஓர் அழகிய சோதனையால் காட்டினர். அவர்கள் எடுத்துக்கொண்டது காசநோய்க் கிருமியை அன்று. குடலில் வாழும் ஒரு பாக்டீரியாவை. அதனைக் கொல்லும் வைரசைச் சேர்த்தபோது ஒருசில பாக்டீரியாக்கள் பிழைத்தன. அவை வைரசைக் கண்ட பிறகு தப்பிக்கக் கற்றுக்கொண்டனவா, அல்லது முன்பே தற்செயலாக மாறியிருந்தனவா? கண்ட பிறகுதான் கற்றுக்கொண்டன என்றால், தனித்தனியாக வளர்த்த ஒவ்வொரு குழாயிலும் பிழைத்தவற்றின் எண்ணிக்கை ஏறத்தாழ ஒன்றாக இருக்க வேண்டும். முன்பே மாறியிருந்தன என்றால், ஒரு குழாயில் மாற்றம் தொடக்கத்திலேயே நிகழ்ந்து அதன் வாரிசுகள் நூற்றுக்கணக்கில் பெருகியிருக்கும். இன்னொன்றில் ஒன்றுகூட இருக்காது. அவர்கள் கண்டது இரண்டாவதுதான். இவ்வகை ஆய்வுகளுக்காக இருவரும் 1969இல் நோபல் பரிசில் பங்கு பெற்றனர்.

மருந்து கிருமியை மாற்றுவதில்லை என்பதே இதன் பொருள். மருந்து வருவதற்கு முன்பே மாறியிருந்த ஒன்றிரண்டை விட்டுவிட்டு மற்றவற்றைக் கொல்கிறது. களைக்கொல்லி அடித்த நிலத்தில் சாகாத ஒரு செடி தனியே நின்று, போட்டியின்றிப் பரவி நிலத்தையே பிடித்துக்கொள்வதைப் போன்றது அது.

சொல்வதெழுதுதலில் ஒரு பிழை

அந்த மாற்றம் எப்படி நிகழ்கிறது? நாம் அறிந்த உவமையாலேயே சொல்லலாம். உயிர்களின் மரபுச் செய்தி நான்கே எழுத்துகளால் எழுதப்பட்டது. ஆங்கில எழுத்துகளின் பெயரால் அவற்றை ஏ, சி, ஜி, டி என்பர். காசநோய்க் கிருமியின் முழு மரபுச் செய்தியும் 1998இல் படிக்கப்பட்டது. அதில் ஏறத்தாழ 44 இலட்சம் எழுத்துகளும் ஏறத்தாழ 4,000 மரபணுக்களும் உள்ளன.

கிருமி இரண்டாகப் பிளக்கும்போதெல்லாம் இந்த 44 இலட்சம் எழுத்துகளும் படியெடுக்கப்பட வேண்டும். காசநோய்க் கிருமி மிக மெதுவானது. குடல் பாக்டீரியா இருபது நிமிடத்தில் பெருகும்போது இதற்கு ஏறத்தாழ இருபது மணி நேரம் ஆகிறது. நம் வகுப்பில் யாரும் எழுத முடியாத அளவு கவனத்தோடுதான் அது படியெடுக்கிறது. எனினும் எப்போதாவது ஓர் எழுத்து தவறுகிறது. இதனையே மரபணுப் பிறழ்வு என்கிறோம். 'பள்ளி' என்பது 'பல்லி' ஆனாற்போல, ஓர் எழுத்தால் பொருளே மாறிவிடும். பெரும்பாலான பிழைகளால் ஒன்றும் நேர்வதில்லை. சில பிழைகள் கிருமியையே கெடுக்கும். அரிதாகச் சில, ஒரு மருந்திலிருந்து அதனைக் காப்பாற்றும்.

வேறு பல பாக்டீரியாக்கள் மருந்தை எதிர்க்கும் மரபணுக்களை ஒன்றிடமிருந்து ஒன்று கடன் வாங்கிக்கொள்கின்றன. காசநோய்க் கிருமி அப்படிச் செய்வதில்லை. அதன் எதிர்ப்பாற்றல் முழுவதும் அதன் சொந்த எழுத்துப்பிழைகளால் வந்ததே. ஆகவேதான் இதனைக் கணக்கிட்டு வெல்ல வழி பிறந்தது.

ஆறாம் ஆண்டுக் கணக்கு

இன்றைய சிகிச்சையின் இரு தூண்கள் 1952இல் பயன்பாட்டுக்கு வந்த ஐசோநியாசிடும், 1960களின் பிற்பகுதியில் வந்த ரிஃபாம்பிசினும் ஆகும். காசநோய்க் கிருமிகளில் ஏறத்தாழ பத்து இலட்சத்தில் ஒன்று ஐசோநியாசிடை எதிர்க்கும் பிழையை இயல்பாகவே கொண்டிருக்கும். ரிஃபாம்பிசினுக்கு ஏறத்தாழ பத்துக் கோடியில் ஒன்று.

நோய் முற்றிய நுரையீரலில் உண்டாகும் ஒரு குழியில் பத்துக் கோடிக் கிருமிகள் இருப்பதாகக் கொள்வோம். மருந்து தொடங்கும் முன்பே அவற்றில் ஏறத்தாழ நூறு கிருமிகள் ஐசோநியாசிடுக்கு அஞ்சாதவை. அம்மருந்தை மட்டும் கொடுத்தால் மற்றவை மடியும், இருமல் குறையும், நோயாளி வேலைக்குப் போவார். அந்த நூறு மட்டும் பெருகும். சில மாதங்களில் குழி மீண்டும் நிறையும். இம்முறை எல்லாமே அந்த நூற்றின் வாரிசுகள். 1948இல் ஸ்ட்ரெப்டோமைசினைத் தனியே பெற்றவர்களுக்கு நேர்ந்தது இதுவே.

இரு மருந்துகளையும் சேர்த்துக் கொடுத்தால்? இரண்டையும் ஒருங்கே எதிர்க்கும் கிருமி தற்செயலாகத் தோன்ற, பத்து இலட்சத்தைப் பத்துக் கோடியால் பெருக்க வேண்டும். நூறு இலட்சம் கோடியில் ஒன்று. அத்தனை கிருமிகள் ஓர் உடலில் இருப்பதில்லை. ஒரு மருந்துக்குத் தப்பியதை மற்றொன்று பிடித்துக்கொள்ளும். பிரிட்டிஷ் மருத்துவர்கள் ஸ்ட்ரெப்டோமைசினுடன் பி.ஏ.எஸ். என்னும் மருந்தைச் சேர்த்துச் சோதித்து 1950இல் வெளியிட்ட முடிவு இதனை உறுதிசெய்தது. எதிர்ப்பாற்றல் தோன்றுவது மிகவும் குறைந்தது.

கிளினிக்கில் ஏன் ஒரு கை நிறைய மாத்திரை தருகிறார்கள் என்பதற்கு இதுவே காரணம். அவற்றுள் ஒன்று கசக்கிறது என்று ஒதுக்கிவிட்டு மற்றதை மட்டும் விழுங்குவது, மருந்தே உண்ணாமல் இருப்பதைக் காட்டிலும் ஒருவகையில் ஆபத்தானது. அது தப்பிய நூற்றுக்கு நாமே வழிவிடுவதாகும்.

சேத்துப்பட்டில் எழுதப்பட்ட அதிகாரம்

கணக்கு சரி. ஆனால் ஏழை நாடுகளில் அத்தனை பேரையும் ஓராண்டு சானடோரியத்தில் படுக்க வைக்க முடியுமா? இதற்கு விடை கண்ட இடம் நம் மூதாதையர் பலர் கப்பலேறிய சென்னைதான் என்பதைப் படித்தபோது வியந்தேன்.

1956இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்றம், சென்னை மாநில அரசு, உலகச் சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சி மன்றம் ஆகிய நான்கும் சேர்ந்து சென்னை சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையத்தைத் தொடங்கின. கணித மேதை இராமானுஜன், காசநோயாளி எனக் கருதப்பட்டுச் சிகிச்சை பெற்று, 1920இல் தம் 32ஆம் வயதில் கண்மூடியதும் இதே சேத்துப்பட்டில்தான். (அவருக்கு வந்தது வேறொரு நோயாக இருக்கலாம் என்று பிற்கால மருத்துவர் சிலர் கருதுகின்றனர்.)

அம்மையத்திற்கு வாலஸ் ஃபாக்ஸ் என்னும் பிரிட்டிஷ் மருத்துவர் வழிகாட்டினார். லண்டனிலிருந்து டெனிஸ் மிச்சிசன் நுண்ணுயிரியல் பணிகளுக்குத் துணைநின்றார். புள்ளியியலில் எஸ். இராதாகிருஷ்ணா, உயிர்வேதியியலில் பி.ஆர்.ஜே. கங்காதரம் முதலிய இந்திய அறிவியலாளர்கள் பணியாற்றினர். 193 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவினரைச் சானடோரியத்திலும் மறு பிரிவினரை வீட்டிலும் வைத்து, இரு பிரிவினருக்கும் ஒரே மருந்துகளை (ஐசோநியாசிடும் பி.ஏ.எஸ்.உம்) ஓராண்டு கொடுத்தனர். வீட்டில் இருந்தவர்கள் நெரிசலான குடியிருப்புகளில், குறைந்த உணவுடன், ஓய்வுமின்றி வாழ்ந்தவர்கள். 1959இல் வெளியான முடிவு உலகைத் திகைக்க வைத்தது. இரு பிரிவினரும் ஏறத்தாழ ஒரே அளவில் குணமடைந்திருந்தனர். வீட்டில் சிகிச்சை பெற்றவர்களின் குடும்பத்தாருக்கு அதனால் நோய் கூடுதலாகத் தொற்றவுமில்லை. குணப்படுத்தியது மலைக்காற்றன்று, மருந்து. பல நாடுகளில் சானடோரியங்கள் படிப்படியாக மூடப்பட்டதற்கு இந்த ஆய்வு முக்கியமான காரணமாயிற்று.

ஆனால் மருந்து வேலை செய்ய, அதை விழுங்க வேண்டும் அல்லவா? பி.ஏ.எஸ். நாளொன்றுக்குப் பல கிராம் உண்ண வேண்டிய, வயிற்றைப் புரட்டும் மருந்து. சென்னை மையத்தார் முன்னறிவிப்பின்றி வீட்டுக்குச் சென்று மாத்திரைகளை எண்ணினர், சிறுநீரைச் சோதித்தனர். நல்லவர், படித்தவர், நோய் கடுமையாக இருந்தவர் என எந்த அடையாளத்தைக் கொண்டும் யார் மருந்தை ஒழுங்காக உண்பார் என முன்கூட்டியே சொல்ல இயலவில்லை. உடல் தேறிய பிறகு மாதக்கணக்கில் மருந்து உண்பது யாருக்குமே கடினம். ஃபாக்ஸ் 1958இலேயே இதனைத் தனிக் கட்டுரையாக எழுதினார். பின்னர் நோயாளி வாரம் இருமுறை மையத்துக்கு வந்து, பணியாளர் கண்முன் மருந்தை எடுத்துக்கொள்ளும் முறையைச் சோதித்து 1964இல் முடிவை வெளியிட்டனர். அதுவும் வென்றது. இன்று உலகெங்கும் 'டாட்ஸ்' என்று அழைக்கப்படும் நேரடிக் கண்காணிப்பு முறையின் வேர்களில் ஒன்று அங்கே உள்ளது.

திருக்குறளின் 95ஆம் அதிகாரம் 'மருந்து'. அதன் கடைசிக் குறள் மருத்துவத்தின் பகுதிகளாக நோயாளி, மருத்துவர், மருந்து ஆகியவற்றோடு, பக்கத்திலிருந்து மருந்து கொடுப்பவரையும் நான்காவதாகச் சேர்க்கிறது. அந்த நான்காமவர் எதற்கு என்று மாணவப் பருவத்தில் நினைத்ததுண்டு. சேத்துப்பட்டு வரலாற்றைப் படித்தபோது விளங்கியது.

நுரை வராத கிருமி

1954இல் கார்ட்னர் மிடில்புரூக் என்னும் அமெரிக்க அறிவியலாளர் ஒரு விந்தையைக் குறிப்பிட்டார். சாதாரணக் காசநோய்க் கிருமியின் மீது ஹைட்ரஜன் பெராக்சைடை ஊற்றினால் நுரை பொங்கும். அதிலுள்ள காட்டலேஸ் என்னும் நொதியின் வேலை அது. ஐசோநியாசிடை எதிர்க்கும் கிருமிகள் பலவற்றில் அந்த நுரை வரவில்லை. இத்தகைய கிருமிகள் கினிப்பன்றிகளிலும் வலுவிழந்தே காணப்பட்டன. எதிர்ப்பாற்றல் பெற்ற கிருமி நோஞ்சான் கிருமி, அதனால் பெருங்கேடில்லை என்ற ஆறுதல் அக்காலத்தில் சிலருக்கு இருந்தது.

இந்த நுரையின் மர்மம் 1992இல் அவிழ்ந்தது. லண்டன், பாரிஸ் ஆய்வாளர்கள் 'கேட்-ஜி' என்னும் மரபணுவைக் கண்டறிந்தனர். ஐசோநியாசிட் பூட்டிய பெட்டியைப் போன்றது. தானாக அதற்கு வலுவில்லை. கிருமியின் கேட்-ஜி நொதியே அதனைத் திறந்துவிடுகிறது. திறந்த பின் வெளிவரும் பொருள், கிருமியின் மெழுகுச் சுவர் கட்டப்படுவதைத் தடுத்து அதனைக் கொல்கிறது. கிருமி தன் கையாலேயே தன் நஞ்சைத் திறக்கிறது! கேட்-ஜி கெட்டுவிட்டால் பெட்டி திறக்காது, மருந்து பயனற்றுப்போகும். ஆனால் தற்காப்புக்குரிய அந்த நொதியை இழப்பதால் கிருமியும் தளரும்.

ஆறுதல் பொய்த்தது எங்கே? நோயாளிகளிடம் மிகுதியாகக் காணப்படும் பிறழ்வு அந்த நொதியை முழுவதும் அழிப்பதில்லை. கேட்-ஜி புரதத்தின் 315ஆம் இடத்தில் 'ஏஜிசி' என்னும் மூவெழுத்து 'ஏசிசி' ஆகிறது. ஒரே எழுத்து. அதனால் செரின் என்னும் அமினோ அமிலத்தின் இடத்தில் திரியோனின் வந்து அமர்கிறது. பெட்டி திறப்பது நின்றுபோகிறது. தற்காப்பு வேலையோ பெரும்பாலும் நடக்கிறது. மருந்துக்கும் அஞ்சாமல், வலிமையும் குன்றாமல் அக்கிருமி பரவுகிறது.

ரிஃபாம்பிசினின் கதையும் ஒத்ததே. அது கிருமியின் மரபுச் செய்தியைப் படித்து நகலெடுக்கும் இயந்திரத்தில் ஒட்டிக்கொண்டு அதன் வாயை அடைக்கிறது. அவ்வியந்திரத்தின் ஒரு பகுதியை உருவாக்கும் 'ஆர்.பி.ஓ.பி' மரபணுவில், வெறும் 81 எழுத்துகள் கொண்ட ஒரு பகுதியிலேயே 95 விழுக்காட்டுக்கும் மேற்பட்ட எதிர்ப்புப் பிறழ்வுகள் உள்ளன என்பது 1993 முதல் தெரியவந்தது. 44 இலட்சம் எழுத்துகளில் 81 எழுத்துகள்! இரு மருந்துகளையும் எதிர்க்கும் கிருமியால் வருவதையே பன்மருந்து எதிர்ப்புக் காசநோய் என்கின்றனர்.

கிருமி வைத்திருக்கும் ஆவணம்

இரண்டையும் எதிர்க்கும் கிருமி தற்செயலாகத் தோன்றாது என்று கணக்குப் போட்டோமே, பிறகு எப்படித் தோன்றியது? ஒரே நாளில் தோன்றவில்லை; படிப்படியாகச் சேர்ந்தது. ஒரு மருந்து மட்டும் வேலை செய்த காலமெல்லாம் ஒவ்வொரு படியாக அமைந்தது.

இதற்குச் சான்று, 1860 முதல் தமிழர் கரும்புத் தோட்டங்களுக்குச் சென்று குடியேறிய தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பகுதியிலிருந்து, இன்றைய குவாசுலு-நேட்டால் மாநிலத்திலிருந்து வருகிறது. அங்குள்ள டுகேலா ஃபெரி என்னும் சிற்றூரில் ஏறத்தாழ எல்லா மருந்துகளையும் எதிர்க்கும் காசநோய் 53 பேரிடம் கண்டறியப்பட்டதும், அவர்களில் 52 பேர் இறந்ததும் 2006இல் உலகுக்குத் தெரியவந்தன. பின்னர் அப்பகுதிக் கிருமிகளின் எழுத்துகளை முழுமையாகப் படித்து, பிழைகள் சேர்ந்த வரிசையைக் கணித்தனர். 2015இல் வெளியான அவ்வாய்வின்படி, ஐசோநியாசிடை எதிர்க்கும் பிழை ஏறத்தாழ 1957இலேயே தோன்றிவிட்டது. 1980களில் ரிஃபாம்பிசின் எதிர்ப்பு சேர்ந்தது. 1990களில் மேலும் பல. ஐம்பது ஆண்டுகளாக ஒவ்வோர் எழுத்தாக எழுதப்பட்ட தீர்ப்பு அது.

அங்கு இறந்தவர்கள் எல்லாரும் மருந்தை நிறுத்தியவர்கள் அல்லர் என்பதை நாம் மறக்கக்கூடாது. அவர்களில் பலர் முன்பு காசநோய்க்குச் சிகிச்சையே பெறாதவர்கள். வேறெவரிடமோ உருவான கிருமி காற்றின் வழி அவர்களை அடைந்தது. எனவே எதிர்ப்புக் கிருமி கொண்ட ஒருவரைப் பார்த்து "மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டிருக்க மாட்டார்" என்று பழிப்பது அறியாமை. மருந்து தட்டுப்பாடு, தவறான மருந்துச்சீட்டு, கூலியை இழந்து கிளினிக்குக்குப் போக இயலாத நிலை எனப் பலவும் இதில் பங்கு கொண்டவை.

நம் நாட்டில், இன்று

மலேசியாவில் தேசியக் காசநோய்த் தடுப்புத் திட்டம் 1961இல் தொடங்கியது. நம் மேற்கையிலுள்ள பி.சி.ஜி. தழும்பு அத்திட்டத்தின் அடையாளம். அத்தடுப்பூசி குழந்தைகளை மூளைக் காசநோய் போன்ற கொடிய வகைகளிலிருந்து காக்கிறது. ஆனால் பெரியவர்களின் நுரையீரல் காசநோயைத் தடுப்பதில் அது வலுவற்றது. செங்கல்பட்டு மாவட்டத்தில் 1968இல் தொடங்கிய மிகப் பெரிய ஆய்வு இதனைக் காட்டியது. ஆகவே தழும்பு இருக்கிறது என்று அலட்சியமாக இருக்க இயலாது. 2022, 2023 ஆகிய ஆண்டுகள் ஒவ்வொன்றிலும் நம் நாட்டில் 25,000க்கும் மேற்பட்டோர் காசநோயாளிகளாகப் பதிவாயினர். உலகளவில் 2023இல் ஏறத்தாழ 12 இலட்சத்து 50 ஆயிரம் பேர் இந்நோயால் இறந்ததாக உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது.

நம்பிக்கை தரும் செய்திகளும் உண்டு. அந்த 81 எழுத்துகளைச் சளியிலிருந்தே படித்து, இரண்டு மணி நேரத்தில் ரிஃபாம்பிசின் எதிர்ப்பு உண்டா என்று சொல்லும் கருவியை உலகச் சுகாதார நிறுவனம் 2010இல் பரிந்துரைத்தது. முன்பு கிருமியை வளர்த்துப் பார்க்க வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். பெடாகுயிலின் என்னும் புதிய வகை மருந்துக்கு 2012இல் அமெரிக்கா ஒப்புதல் அளித்தது. பன்மருந்து எதிர்ப்பு நோய்க்கு முன்பு ஒன்றரை முதல் இரண்டு ஆண்டுகள், செவித்திறனையே பறிக்கக்கூடிய ஊசிகளுடன் சிகிச்சை தேவைப்பட்டது; தகுந்த நோயாளிகளுக்கு மாத்திரைகள் மட்டுமே கொண்ட ஆறு மாதச் சிகிச்சையை அந்நிறுவனம் 2022இல் பரிந்துரைத்தது. ஆனால் பெடாகுயிலினை எதிர்க்கும் பிறழ்வுகளும் தோன்றத் தொடங்கிவிட்டன. புதிய மருந்து வந்தாலும் பழைய பாடம் மாறவில்லை.

அந்தத் தாய்க்கு நான் சொன்ன விடை

சில நாள் கழித்து அந்தத் தாயைப் பள்ளி வாசலில் கண்டு நிறுத்திப் பேசினேன். இவ்வளவையும் சொல்லவில்லை. மூன்றே செய்திகள் சொன்னேன்.

முதலாவது: முதல் இரண்டு மாதம் நான்கு மருந்துகள் பெரும்படையைக் கொன்றுவிட்டன, அதனால்தான் இருமல் நின்றது. ஆனால் பெருகாமல் உறங்கிக் கிடக்கும் கிருமிகள் சில இன்னும் உண்டு. அவை எழ எழ அடிப்பதற்கே அடுத்த நான்கு மாதம் இரண்டு மருந்துகள்.

இரண்டாவது: இன்று நிறுத்தினால் நோய் திரும்பலாம், விட்டுவிட்டுச் சாப்பிட்டால் திரும்பி வருவது இந்த மருந்துகளுக்கு அடங்காததாக இருக்கலாம். அது வீட்டிலுள்ள பிள்ளைகளுக்கும் தொற்றும்.

மூன்றாவது: ரிஃபாம்பிசினால் சிறுநீர் செம்மஞ்சளாகும், அதைக் கண்டு அஞ்ச வேண்டாம். கண் மஞ்சளானாலோ, வாந்தி நிற்காவிட்டாலோ, பார்வை மங்கினாலோ உடனே கிளினிக்குக்குப் போக வேண்டும்.

"அவருகிட்ட நீங்களே ஒரு தடவை சொல்றீங்களா டீச்சர்? நான் சொன்னா கேக்க மாட்டாரு" என்றார். மறுவாரம் மகனை அழைத்துப்போக வந்த அவரிடம் பள்ளிச் சிற்றுண்டிச்சாலை மேசையில் ஒரு தாளில் பத்துக் கோடியையும் நூறையும் எழுதிக் காட்டினேன். அவர் லாரி ஓட்டுபவர். தாளை வெகுநேரம் பார்த்துவிட்டு, "அப்ப அந்த நூறு இன்னும் உள்ளேதான் இருக்கும்னு வச்சுக்கணும்" என்றார். ஆம் என்றேன். தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். மீதி நான்கு மாதமும் தவறாமல் போனார் என்று பிறகு அவர் மனைவி சொன்னார்.

ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். வீட்டில் யாருக்கேனும் காசநோய் என்று தெரிந்தால், அக்குழந்தையை வகுப்பில் தனியே அமர்த்தாதீர்கள். அப்படிச் செய்யச் சொல்லி எங்கள் பள்ளியில் சில பெற்றோர் என்னிடம் கேட்டனர், நான் மறுத்தேன். அக்குழந்தை நோயாளி அல்லன். வீட்டார் அனைவரையும் கிளினிக்கில் சோதிப்பது வழக்கம்; அந்தச் சோதனை நடந்ததா என்று அன்போடு கேட்பதே நம் கடமை. தகுந்த மருந்து தொடங்கிய சில வாரங்களிலேயே பெரும்பாலான நோயாளிகளிடமிருந்து நோய் பரவும் வாய்ப்பு வெகுவாகக் குறைந்துவிடுகிறது. ஒதுக்கினால் மக்கள் மறைப்பார்கள். மறைத்தால் மருந்து தடைபடும். தடைபட்டால் அந்த நூறு பெருகும்.

பிள்ளைகளின் ஏட்டில் ஓர் எழுத்துப் பிழையைக் கண்டால் அன்றே திருத்துகிறோம். விட்டால் அதுவே பழக்கமாகிவிடும் என்பதால். கிருமியின் ஏட்டில் நாம் கைவைக்க முடியாது. அதன் பிழை பெருகாமல் பார்த்துக்கொள்வது, ஆறு மாதம் ஒருவர் பக்கத்தில் இருந்து மாத்திரையை எடுத்துக் கொடுக்கும் கையில்தான் இருக்கிறது. அந்தக் கை மனைவியுடையதாக இருக்கலாம், மகனுடையதாக இருக்கலாம், கிளினிக் தாதியுடையதாகவும் இருக்கலாம்.